கார்ன்வாலில் ஒரு குண்டூசி

ஸ்கார்பெக், வடக்கு யார்க்ஷயர்
9 ஜனவரி 1999

அன்புள்ள ஹெஸ்டர்,

பதினொரு வருஷம் கழித்து எழுதுகிறேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று தேவாலய வாசலில் பார்த்ததோடு சரி. நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷ வேலை முடிந்துவிட்டது. கெல்டர்பி என்ற நம் குடும்பப் பெயரின் வரலாறு அச்சுக்குப் போகிறது. மேரியன் நேற்றுகூட, "நீங்க என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தப் பேரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றாள். பூகோள வாத்தியாராக இருந்தவனுக்கு ஓய்வுபெற்ற பிறகு வேறு என்ன வேலை இருக்கிறது?

மேல் மலையில் இப்போது ஆட்டுப்பட்டி இருக்கிற இடத்தில்தான் கெல்டர்பி என்ற குக்கிராமம் இருந்தது. மூன்று வீடு, ஒரு ஊற்று. 1379-ஆம் வருஷத்துத் தலைவரிக் கணக்கில் 'கெல்டர்பி ஜான்' என்று ஒருவன் வருகிறான். முந்நூறு வருஷம் கழித்து அடுப்பு வரிக் கணக்கில் ஏழு வீடு, ஏழும் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே. 1881 கணக்கெடுப்பில் நாம் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஈயச் சுரங்கம் மூடியதும் டர்ஹாம் நிலக்கரிக்கும் லங்காஷயர் நூற்பாலைக்கும் சிதறிப்போனோம். இன்றைக்கு இந்த நாட்டில் மொத்தம் முப்பத்தோரு பேர். கூடத்துச் சுவரில் வரைபடம் மாட்டி ஆளுக்கொரு குண்டூசி குத்தியிருக்கிறேன். பிறப்பால் இந்தப் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான். கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு ஊசி கிடையாது. கார்ன்வால் முழுக்க ஒரே ஒரு ஊசி. அது நீ.

எனக்கு இரண்டும் பெண். கட்டிக்கொடுத்தாயிற்று, பெயரும் மாறியாயிற்று. என் வாசலில் இந்தப் பெயர் என்னோடு முடிகிறது. இருபது வயதுக்குள் ஒரே ஒரு ஆண்பிள்ளைதான் நாடு முழுக்க கெல்டர்பி என்று இருக்கிறான்.

மே முதல் தேதி நம் ஊர் தேவாலயக் கூடத்தில் எல்லாக் கெல்டர்பிகளும் கூடுகிறோம். நீயும் வர வேண்டும். புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களும் பெயர்ப்பட்டியலும் இத்துடன் இருக்கின்றன. உன் பெயருக்கு எதிரே உள்ள வரியைச் சரிபார்த்து, கையெழுத்திட்டு அனுப்பு.

அண்ணன்
ஆம்ப்ரோஸ்


பென்சான்ஸ், கார்ன்வால்
17 ஜனவரி 1999

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு,

உன் கட்டு வந்துச்சு. இவ்வளவு பெரிய உறையைப் பார்த்ததும் தபால்காரர் ஏதோ பரிசுன்னு நினைச்சு, கதவைத் தட்டி கையிலயே குடுத்துட்டுப் போனார். நல்ல பரிசு.

சரிபார்க்கச் சொன்னே. பார்த்தேன். "ஹெஸ்டர் மேரி, பிறப்பு 1944. செவிலி. மணமாகாதவர். சந்ததி இல்லை."

கடைசி ரெண்டு வார்த்தையை எந்தக் கையால எழுதினே?

உனக்கு மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். 1961, மே மாசம். எனக்குப் பதினேழு வயசு, மகன் பிறந்தான். வயித்துல இருக்கறப்பவே என்னைக் கல்யாணமாகாம உண்டான பொண்ணுங்களுக்குன்னு இருந்த அந்தக் கடற்கரை ஊர் விடுதியில கொண்டு விட்டுட்டு, ஊர்ல நர்ஸ் படிப்புக்குப் போயிருக்கான்னு அம்மா சொன்னா. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்தது நீ. ஆறு வாரம் என் கையில இருந்தான். நானே பதிவு ஆபீசுக்கு நடந்து போய் நெவில் கெல்டர்பின்னு எழுதிட்டு வந்தேன். அப்புறம் பச்சைத் தொப்பி வெச்ச ஒரு அம்மா வந்து, "அழாதேம்மா, நல்ல இடம்"னு சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்க. தத்துக் குடுத்தாச்சு. யாருக்குன்னு கூட சொல்லல.

அடுத்த வருஷம் அன்னையர் ஞாயிறு. தேவாலயத்துல பிள்ளைங்க எல்லாப் பொம்பளைக்கும் பூச்செண்டு குடுத்துக்கிட்டே வந்தாங்க. எனக்கும் ஒரு பொண்ணு நீட்டினா. நான் கையை நீட்டறதுக்குள்ள அம்மா குறுக்க புகுந்து வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. "இவளுக்கு எதுக்கு"ன்னு ஒரு சிரிப்பு வேற. நீ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தே. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தே.

அதனால கையெழுத்து வேணும்னா, "சந்ததி இல்லை"யை அடி. "மகன் ஒருவன்"னு போடு.

இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. முப்பத்தேழு வருஷமா எனக்கு ஒரே கேள்விதான். அவன் என்னைத் தேடினானா? தேடலைன்னா அது அவன் இஷ்டம், நான் குறை சொல்ல மாட்டேன். தெரிஞ்சா போதும்.

ஹெஸ்டர்


ஸ்கார்பெக்
26 ஜனவரி 1999

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு ஆய்வுக்கு விதி என்று ஒன்று உண்டு. சட்டப்படி தத்துக்குப் போன பிள்ளை அன்றிலிருந்து வேறு பெயர்க்காரன். கெல்டர்பி என்ற பெயரைச் சுமக்காதவனை நான் எப்படிச் சேர்ப்பது? உனக்காக வளைத்தால் எல்லோருக்கும் வளைக்க வேண்டும்.

மறைக்கவில்லை, ஒன்று சொல்கிறேன். 1979-இல் லண்டனில் பிறப்புப் பதிவேடுகளை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொரு கெல்டர்பியையும் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். 1961-இல் ஒரு வரியில் இரண்டும் கெல்டர்பி. அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். தகப்பன் பெயர் இல்லை என்று அர்த்தம். எல்லா அட்டையும் மையால் எழுதியவன், அதை மட்டும் பென்சிலால் எழுதினேன்.

ஊரில் நான் தேவாலயப் பொறுப்பாளர். மே முதல் தேதி அத்தனை பேர் நடுவில் இந்த வரியை வைத்துக்கொண்டு நான் எப்படி நிற்பது? "மணமாகாதவர்" என்பதோடு நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பின்னால் எதுவும் வேண்டாம். இது நியாயமான சமரசம் என்றே நினைக்கிறேன்.

அவன் தேடினானா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஆம்ப்ரோஸ்


பென்சான்ஸ்
6 பிப்ரவரி 1999

அண்ணே,

உன் பட்டியலைப் பத்து நாளா ராத்திரி பகலா படிக்கறேன். நல்லாத்தான் செஞ்சிருக்கே. ஒவ்வொரு ஊருக்கு எதிரேயும் எந்தக் கிளை, எந்த வருஷம் போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு எழுதியிருக்கே. பர்ன்லி நாலு பேர், நூற்பாலை. ஹல் ரெண்டு பேர், மீன்பிடி. கனடாவுக்குப் போய் உருளைக்கிழங்கு போட்டவனைக் கூட விடல.

இப்ஸ்விச் மூணு பேர். "மூலம் தெரியவில்லை."

ஏன் தெரியல? அறுநூறு வருஷத்துக்கு முந்தி செத்த ஜான் எந்த வயல்ல நின்னு எந்தப் பக்கம் துப்பினான்னு உனக்குத் தெரியும். இப்ஸ்விச்சுக்கு ஒரு கடிதாசி போட்டுக் கேட்க முடியலையா?

இதை நினைச்சுக்கிட்டிருக்கறப்பவே ஹல்லிலேர்ந்து டோரா கெல்டர்பி ஃபோன் பண்ணாங்க. பட்டியல்ல என் நம்பரைப் பார்த்தாங்களாம். அவங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்னு உனக்கே தெரியும். மே மாசம் என்ன தொப்பி போடறதுன்னு அரை மணி நேரம். அப்புறம் திடீர்னு கேட்டாங்க: "ஏம்மா, அந்த இப்ஸ்விச் பையனுக்கு அவன் தேடின ஆளு கிடைச்சாளா? பதிமூணு வருஷத்துக்கு முந்தி டெலிஃபோன் புத்தகத்துல இருந்த எல்லாக் கெல்டர்பிக்கும் கடிதாசி போட்டானே. அறுபத்தொண்ணுல ஏதோ கடற்கரை ஊர்ல இருந்த ஒரு கெல்டர்பி பொண்ணைப் பத்திக் கேட்டிருந்தான். பாவம், மரியாதையா எழுதியிருந்தான். எனக்கென்ன தெரியும்? நம்ம பேரைப் பத்தின எது வந்தாலும் ஆம்ப்ரோஸுக்கு அனுப்பறதுதானே நம்ம வழக்கம். அனுப்பிட்டேன். எல்லாருமே அனுப்பினதா சொன்னாங்க."

எனக்கு அப்ப ஃபோன் கிடையாது. செவிலியர் விடுதியில குடியிருந்தேன். டெலிஃபோன் புத்தகத்துல நான் இல்ல.

ரிசீவரை வெச்சுட்டு உன் பட்டியலை எடுத்து இப்ஸ்விச் வரியை மறுபடி படிச்சேன்.

"எனக்கு எப்படித் தெரியும்"னு எழுதினியே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், நீ முழு மனுஷனையே மறைச்சிருக்கே. அவன்கிட்ட என்ன சொன்னே?

ஹெஸ்டர்


ஸ்கார்பெக்
13 பிப்ரவரி 1999

அன்புள்ள ஹெஸ்டர்,

இங்கே இடுப்பளவு பனி. மேல் மலையில் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் புதைந்துபோய் ஊரே தோண்டிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை விரல் மடங்கவில்லை. இதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. மே மாதம் வருவாய் அல்லவா, நேரில் பேசலாம்.

ஆம்ப்ரோஸ்


பென்சான்ஸ்
16 பிப்ரவரி 1999

ஆடு கதையெல்லாம் எனக்கு வேண்டாம். அவன் உனக்கு எழுதினானா? நீ அவனுக்கு என்ன எழுதினே? விரல் மடங்கலைன்னா மேரியன் அண்ணிகிட்ட சொல்லி எழுதச் சொல்லு. அவங்களுக்கும் தெரியட்டும்.

ஹெஸ்டர்


ஸ்கார்பெக்
23 பிப்ரவரி 1999

ஹெட்டி,

சின்ன வயதில் கூப்பிட்ட பெயரில் கூப்பிட இப்போது எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் மனதில் அப்படித்தான் வருகிறது.

1986 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் ஒன்பது உறைகள் வந்தன. ஒன்பது கெல்டர்பிகள் அனுப்பியவை. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே கடிதம், ஒரே கையெழுத்து. எனக்கே நேரடியாக வந்தது பத்தாவது. யாரோ, "ஆம்ப்ரோஸைக் கேளுங்க, அவருக்குத் தெரியாத கெல்டர்பி கிடையாது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் பிறப்புச் சான்றிதழை வாங்கிவிட்டிருந்தான். எனக்கு எழுதியதில் மட்டும் உன் முழுப் பெயரும் எழுதியிருந்தான். வளர்த்தவர்கள் வைத்த பெயர் ஆலன் ப்ரூக்ஸ்.

அம்மா அப்போது மாடியில் படுக்கையில் இருந்தாள். தபால் விழுகிற சத்தம் கேட்டாலே, "யாரு எழுதியிருக்கா?" என்று கத்துவாள். நான் பதில் எழுதினேன். ஹெஸ்டர் கெல்டர்பி 1973-இல் இறந்துவிட்டாள், ஸ்கார்பெக் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள் என்று எழுதினேன்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். நம் ஹெஸ்டர் அத்தையின் கல்லறைக் கல்லை நினைத்துத்தான் எழுதினேன். வயதைச் சொல்லவே மாட்டாளே அத்தை. கல்லிலும் வயது போடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாள். பெயரும் 1973-உம் மட்டும்தான் இருக்கிறது. எழுதும்போது, நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். அப்பாவின் சாவுக்கு வந்தபோது சமையலறையில் அம்மாவைப் பார்த்து, "நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க" என்று நீதானே சொன்னாய்? சாவுக்கு வந்தவர்களின் விருந்துக்காகப் பன்றித் தொடையைத் துண்டு போட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாய்.

ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த வருஷம் அன்னையர் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, மஞ்சள் டஃபோடில் பூக்கட்டோடு ஒரு ஆள் தோட்டத்தில் கல் கல்லாகப் படித்துக்கொண்டு வந்தான். அத்தையின் கல்லைக் கண்டுபிடித்தான். தொப்பியை எடுத்துவிட்டு நின்றான். உன் காது அவனுக்கு, ஹெட்டி. மேல் நுனி மடங்கிய அதே காது. நான் தேவாலயத்தில் பாதிரியாரின் அங்கிகள் இருக்கும் வஸ்திர அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பத்து அடி நடந்திருந்தால் போதும்.

பதிமூன்று வருஷமாக ஒவ்வொரு அன்னையர் ஞாயிறும் வருகிறான். முதல் வருஷமே தன் பெயரைச் சட்டப்படி கெல்டர்பி என்று மாற்றிக்கொண்டான். பிறகு பையன் பிறந்தான், சைமன். அந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பிறகு ஒரு பெண். அவளுக்கு ஹெஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறான். பிறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் பார்த்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் ஊசி குத்தினேன். விதிப்படி குத்தித்தான் ஆக வேண்டும்.

அவன் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. கோப்பு 'இ-4'. கோப்பைப் பிரிக்கக்கூடாது என்று அனுப்பவில்லை.

ஆம்ப்ரோஸ்


பென்சான்ஸ்
1 மார்ச் 1999

அடப்பாவி.

கோப்பைப் பிரிக்கக்கூடாதாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்கலாம், கோப்பைப் பிரிக்கக்கூடாது.

கோபத்துல ஒருத்தி சொன்ன வார்த்தையை எடுத்து வெச்சுக்கிட்டு பன்னிரண்டு வருஷம் கழிச்சு அவளைப் புதைச்சிருக்கே. நான் இங்க ஆஸ்பத்திரியில எத்தனை பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்திருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு மே மாசமும் அவனுக்கு இப்ப என்ன வயசுன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவன் அங்க நனைஞ்சுக்கிட்டு ஒரு கல்லுக்கு முன்னாடி நின்னான். நீ கதவுக்குப் பின்னாடி நின்னே. அன்னைக்குப் பாட்டுப் புத்தகம், இன்னைக்குக் கதவு.

அம்மா செத்து பதினொரு வருஷமாச்சு. அதுக்கப்புறம் யாருக்குப் பயந்தே? அதையாவது சொல்லு. நானே சொல்றேன். அவன் பெயரை எடுத்துக்கிட்டதுல உனக்கு உள்ளூர சந்தோஷம். உன் வரைபடத்துக்கு ஒரு ஆண்பிள்ளை கிடைச்சான். உண்மை தெரிஞ்சா அவன் போயிடுவான்னு பயம். பிள்ளை வேணும், பெத்தவ வேண்டாம்.

அன்னையர் ஞாயிறு இந்த வருஷம் மார்ச் பதினாலு. நான் வரேன். நீ அவனுக்கு எழுதாதே, ஃபோன் பண்ணாதே, ஒண்ணும் செய்யாதே. நீ செஞ்சது போதும்.

ஹெஸ்டர்


பென்சான்ஸ்
17 மார்ச் 1999

ஆம்ப்ரோஸ்,

நீ வஸ்திர அறையிலேர்ந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தே. கண்ணால பார்த்திருப்பே, காதுல விழுந்திருக்காது. அதனால எழுதறேன். உன் கோப்புல வெச்சுக்கோ.

காலையில பத்து மணிக்கே போய் அத்தை கல்லுக்குப் பக்கத்துல இருக்கற பெஞ்சில உட்கார்ந்துட்டேன். ரெண்டு மணி நேரம் என் பெயரையே படிச்சுக்கிட்டிருந்தேன். கல்லுல பாசி இல்ல. சுத்தி புல்லு வெட்டி நேர்த்தியா இருந்துச்சு. நீதான் வெட்டறியாமே.

அவன் பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்களோட வந்தான். நல்ல உயரம். முப்பத்தேழு வயசுக்கு முன்நெத்தி கொஞ்சம் வழுக்கை. என்னைப் பார்த்து, "குட் மார்னிங்"னு சொல்லிட்டுக் கல்லுக்கு முன்னாடி குந்தினான். அந்தச் சின்னவ, ஹெஸ்டர், கல்லுகிட்ட பேச ஆரம்பிச்சுட்டா. "பாட்டி, எனக்கு முன்பல்லு விழுந்துடுச்சு, பாரு"ன்னு வாயைத் திறந்து காட்டினா. நான் பார்த்தேன். ரெண்டு பல்லு இல்ல.

அப்பவே எழுந்து போயிடலாம்னு இருந்துச்சு. அவங்க பாட்டுக்கு நல்லா இருக்காங்க, எதுக்குக் கலைக்கணும்னு. ஆனா கால் போகல.

"ஆலன்"னு கூப்பிட்டேன். திரும்பினான். "நான்தான் ஹெஸ்டர். நான் சாகலப்பா"ன்னு சொன்னேன். ரயில்ல பன்னிரண்டு மணி நேரம் யோசிச்சு வெச்சிருந்த பேச்சு எல்லாம் போச்சு, இதுதான் வந்துச்சு.

என் காதையே பார்த்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைங்களை வண்டிக்குக் கூட்டிட்டுப் போனா. அப்புறம் கேட்டான், "இது யாரு?" கல்லைக் காட்டினான்.

"என் அத்தை."

"அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது. என் வாழ்க்கையில யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்" அப்படின்னான். சிரிக்கப் பார்த்தான், முடியல.

எனக்கு ஒண்ணுமே தெரியாது, போன மாசம்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். "நம்பறேன். உங்க மேல எனக்குக் கோபமில்ல"ன்னான். "ஆனா என்னை வளர்த்த அப்பா செத்தப்ப இங்க வந்துதான் அழுதேன். சைமன் பிறந்தப்ப இங்கதான் வந்து சொன்னேன். எனக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் இந்தக் கல்லுகிட்ட சொல்லி முடிச்சுட்டேன். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்கிட்ட தெம்பு இல்ல. மன்னிச்சுடுங்க."

என்கிட்ட மன்னிப்புக் கேட்டான், ஆம்ப்ரோஸ். அவன் கேட்டான்.

"எனக்குக் கடிதாசி எழுதினது யாரு?"ன்னான். நான் வஸ்திர அறைக் கதவைக் கை காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான். அடிக்கப் போறான்னு நினைச்சேன். போய் நாலு அறை விட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும். ஒண்ணும் செய்யல. "என்னை வளர்த்தவங்க மனசு நொந்துதான் இந்தப் பேரை எடுத்துக்கச் சம்மதிச்சாங்க. செத்துப்போனவளுக்கு என்னால ஆனதுன்னு எடுத்துக்கிட்டேன். இது எங்களுக்கு வேண்டாம். நாங்க ப்ரூக்ஸாவே இருந்துக்கறோம்"னு சொல்லிட்டு நடந்துட்டான். முகவரி கேட்டேன். "இப்ப வேண்டாம்"னான். பட்டியல்லயே அவன் முகவரி என்கிட்ட இருக்கு. ஆனா அவன் வாயால வேண்டாம்னு சொன்னப்புறம் நான் எப்படி எழுதுவேன்?

பூ அங்கேயே கிடந்துச்சு. எனக்குன்னு கொண்டுவந்த பூ. நான் எடுத்துக்கல. பதிமூணு வருஷம் அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தது அத்தைதானே, அவங்களுக்கே இருக்கட்டும்.

இப்ஸ்விச்லேர்ந்து மூணு ஊசியையும் பிடுங்கிடு. உன் ஒரே ஆண்பிள்ளை போயிட்டான். புத்தகத்துல என் வரியை மாத்து. மே முதல் தேதி எல்லார் முன்னாடியும் நின்னு அதை நீயே வாயைத் திறந்து படி. நீ என்ன எழுதினேங்கறதையும் சேர்த்துப் படி. அவன் கடிதாசியை எனக்கு அனுப்பு. இனிமே எனக்கு வேற எதுவும் கிடைக்கப் போறதில்ல.

ஹெஸ்டர்


ஸ்கார்பெக்
3 மே 1999

ஹெஸ்டர்,

படித்தேன்.

இருபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தோம். எல்லா அட்டையிலும் ஒரே குடும்பப் பெயர் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, "ஹெஸ்டர் மேரி, பிறப்பு 1944. செவிலி. மகன் ஒருவன்" என்று படித்தேன். பிறகு 1986-இல் நான் எழுதிய கடிதத்தின் நகலைப் படித்தேன். நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் டோராதான் எழுந்தாள். "நான் அனுப்பினேனே உனக்கு, ஆம்ப்ரோஸ். உன்னை நம்பி அனுப்பினேனே" என்றாள். புதுத் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சட்டையிலிருந்த பெயர் அட்டையையும் பிடுங்கி அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள். பர்ன்லிக்காரர்கள் நால்வரும் அதேபோல வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் மேஜை நிறையக் கெல்டர்பிகள் கிடந்தார்கள். மேரியன் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் என்னோடு பேசுவதில்லை. விருந்துக்கு வெட்டிவைத்த பன்றித் தொடையை மறுநாள் பண்ணை நாய்களுக்குப் போட்டோம்.

தேவாலயப் பொறுப்பை விட்டுவிட்டேன். இப்ஸ்விச் ஊசிகளை எடுத்துவிட்டேன். மூன்று ஓட்டை தெரிகிறது, அது மூடாது. உன் ஊசி இருக்கிறது.

யாருக்குப் பயந்தாய் என்று கேட்டாய். நீ எழுதியதுதான் உண்மை.

கோப்பைப் பிரித்துவிட்டேன். அவன் எனக்கு எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை.

ஆம்ப்ரோஸ்


பென்சான்ஸ்
8 மே 1999

ஆம்ப்ரோஸ்,

வந்துச்சு. ஒரே ஒரு பக்கம். நான் என்னவோ பத்துப் பக்கம் இருக்கும்னு நினைச்சேன்.

உனக்கு மனப்பாடமா இருக்கும். இருந்தாலும் என் கையால எழுதி அனுப்பறேன், ஒருக்கா படி:

"ஐயா, ஹெஸ்டர் மேரி கெல்டர்பி உயிரோடு இருந்தால் அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். என்னை அன்பாக வளர்த்தார்கள். அவர் என்னைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் இனி வேண்டாம். அவரைப் பார்க்க வேண்டும் என்றோ, அவர் யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. அவருக்குச் சங்கடம் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எனக்குப் பதில் தேவையில்லை."

கிழிச்சுப் போட்டிருக்கலாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதையும் செய்யாம சும்மாவே இருந்திருந்தாகூட, அவன் இத்தனை வருஷமும் நான் உசுரோட இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்திருப்பான்.

பதில் வேண்டாம்னு எழுதினவனுக்கு நீ பதில் எழுதினே.

ஹெஸ்டர்